லாரிக்கு முன்னால் வந்த விலை

காலை 7.10. சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து அண்ணாமலை நகர் போகும் சாலையில் எஸ்தரின் டிபன் கடை. நான் முதலில் பார்த்தது கல்லாவுக்கு மேலே சுவரில் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு பத்திரிகைத் துண்டு. கத்தரிக்கோலால் வெட்டியதில் ஓரம் கோணலாகியிருந்தது. மேலே தலைப்பு: ‘டாலர் எகிறியது: சமையல் எண்ணெய் விலை உயரும்.’ அதன் கீழே என் பெயர். செய்திக்கு அடியில், சம்பந்தமே இல்லாமல், மீசை வைத்த ஒருவரின் படம். படத்தின் மேல் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது.

தன் செய்தி ஒரு கடைச் சுவரில் இருப்பதைப் பார்க்கிற நிருபருக்கு முதலில் என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தோன்றியது. அந்தப் பெருமை ஐந்தாறு நொடி இருந்திருக்கும். அதற்குள் பத்திகளை எண்ணிவிட்டேன். நான் எழுதியவை ஐந்து. சுவரில் நான்கு இருந்தன.

மாவட்டப் பக்கத்துக்குப் புதிதாக எழுத வந்திருக்கும் உங்களிடம் என் பணிக்காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெள்ளம், புயல், தேர்தல் என்று எதையாவது சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றில் நான் பெரிய தவறு எதுவும் செய்யவில்லை. தவறு செய்தது பாமாயில் செய்தியில். அதனால் அதைச் சொல்கிறேன்.

ரூபாய் மதிப்பு வாரக்கணக்கில் வழுக்கிக்கொண்டிருந்த சமயம். தினமும் முதல் பக்கத்தில் டாலர் எவ்வளவு என்று வந்தது. கடலூர் மாவட்டத்தில் அதை வாசிப்பவருக்கு அதனால் என்ன என்பதை எழுதச் சொன்னார்கள். நான் கடலூர் முதுநகர் எண்ணெய் மண்டிக்குப் போனேன். அங்கே அமீன் பாய் மொத்த வியாபாரி. சென்னையிலிருந்து லாரியில் பாமாயில் எடுத்துச் சில்லறைக் கடைகளுக்கு டின்னாகக் கொடுப்பவர். நிதானமான மனிதர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டாலரில் விலை பேசி வாங்குகிறார்கள், அதனால் விலை ஏறும் என்றார். எப்போது ஏறும் என்று கேட்டேன். இப்போது குடோனிலும் கடைகளிலும் இருப்பது டாலர் ஏறுவதற்கு முன்பே பணம் கட்டி எடுத்த சரக்கு, புது விலைச் சரக்கு முதுநகர் வந்து சேர ஐந்தாறு வாரமாகும், அதுவரை ஏறக் காரணம் இல்லை என்றார். இரண்டையும் எழுதினேன். முதலில் சொன்னதை முதல் பத்தியிலும் இரண்டாவதாகச் சொன்னதைக் கடைசிப் பத்தியிலும் வைத்தேன்.

ஏன் அப்படி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முக்கியமானது மேலே. கடைசிப் பத்தி எப்போது வேண்டுமானாலும் வெட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

எஸ்தர் கடைக்கு வருகிறேன். அந்தச் சாலையில் பெண்கள் தங்கிப் படிக்கும் தனியார் விடுதிகள் நிறைய. எஸ்தர் பத்து வருடம் ஒரு விடுதிச் சமையலறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை விட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டார். மாதம் முதல் தேதி மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திய முப்பது டோக்கன்களை ஒரு கட்டாக விற்பார். ஒரு டோக்கனுக்கு ஒரு காலை டிபன். நூறு பெண்களுக்கு மேல் வாங்குவார்கள். மொத்தமாகக் கையில் வரும் அந்தப் பணத்தில் கடை வாடகை, புது அடுப்பு, சரக்கு எல்லாம் நடக்கும். அந்தக் கடைக்குப் பூரியால்தான் பெயர். நானும் வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் சாப்பிட்டேன்.

அன்று நான்காம் தேதி. டோக்கன் விற்று மூன்று நாள் ஆகியிருந்தது.

“அண்ணா, நீங்க எழுதினதுதானே? பேரு போட்டிருக்கு” என்றார் எஸ்தர். கையெல்லாம் மாவு. “நல்ல வேளை எழுதினீங்க. இல்லாட்டி இதுங்க என்னை நம்பவே நம்பாது.”

இதுங்க என்று அவர் காட்டிய திசையில் தட்டோடு நான்கைந்து மாணவிகள் நின்றார்கள். துண்டுக்குக் கீழே ஒரு அட்டையில் எஸ்தர் எழுதியிருந்தார்: ‘எண்ணெய் விலை ஏறியதால் டோக்கனுடன் இரண்டு ரூபாய் சேர்த்துத் தரவும். செய்தியைப் பார்க்கவும்.’

கண்ணாடி போட்ட பெண் சுவரைப் பார்த்துவிட்டு, “யாருக்கா செத்துப் போனது?” என்றாள்.

“யாரும் சாவல. அதுக்கு மேல படி.”

“டாலருக்கும் பூரிக்கும் இன்னாக்கா சம்பந்தம்? பூரி என்ன அமெரிக்காலேர்ந்தா வருது?”

“எண்ணெய் வருதாம்டி. மலேசியாவுலேர்ந்து.”

“மலேசியாவுல எதுக்கு டாலரு?”

எஸ்தர் என்னைப் பார்த்தார். எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் விலை பேசுவது டாலரில்தான் என்று நான் சொன்னேன். ஒப்புக்குத் தலையாட்டினாள்.

பின்னால் நின்ற இன்னொருத்தி இரண்டு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்தாள். “எங்கப்பா துபாய்ல இருக்காருக்கா. நேத்து போன்ல ஒரே சந்தோஷம். அதே சம்பளம், இங்க அனுப்பினா ஜாஸ்தி வருதாம். நான் தரேன்.”

“அப்ப எங்க பங்கையும் சேத்து உங்கப்பாவே குடுக்கட்டும்” என்றாள் கண்ணாடிக்காரி. “எங்கப்பா காட்டுமன்னார்கோயில்ல நெல்லு போடறாரு. அவருக்கு எந்த டாலரும் ஏறல.”

எல்லோரும் சிரித்தார்கள், எஸ்தரும். நான் சிரிக்கவில்லை. “எண்ணெய் ஏறிடுச்சா? எப்ப?” என்று கேட்டேன்.

“இன்னிக்குக் காலைலதான். அஞ்சரைக்கு டின்னு வாங்கப் போனேன். கடைக்காரரு பேப்பரக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறாரு. பருப்பும் ஏறிடுச்சு. அதுவும் கப்பல்ல வருதாமே?”

எங்கள் பேப்பர் கட்டு சிதம்பரத்தில் இறங்குவது ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில் எந்தக் கப்பலும் வரவில்லை. எந்த லாரியும் வரவில்லை. அந்த டின்னில் இருந்த எண்ணெய் முந்தைய மாதமே பணம் கட்டி எடுத்தது. அரை மணி நேரத்தில் ஊருக்குள் புதிதாக வந்தது நான் எழுதிய நான்கு பத்திகள் மட்டும்.

தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். சண்டை போடும் நோக்கத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கிறீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை.

“பழைய டின்னுதான் சார். நான் இல்லேன்னா சொன்னேன்? இன்னிக்கு இத வித்த காசுலதானே நான் அடுத்த டின்னு வாங்கணும்? அடுத்தது ஏறும்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. இத நேத்து விலைக்கு வித்துட்டா, நாளைக்கு முக்கா டின்னுதான் வரும். கால் டின்னு நீங்க தருவீங்களா?”

அன்றைக்கு அவர் சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பத்தரை மணிக்கு முதுநகரில் இருந்தேன். மண்டி வாசலில் மினி வேன்களும் மொபெட்டுகளும் சாலை வரை நின்றன. அமீன் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார்.

“சார், நான் சொன்னதுல பாதியக் காணோமே. ஏறும்னு சொன்னது இருக்கு. இப்ப ஏறாதுன்னு சொன்னது எங்க?”

“அதை வெட்டிட்டாங்க பாய்.”

“எதுக்கு?”

“கடைசி நேரத்துல அஞ்சலி விளம்பரம் ஒண்ணு வந்துச்சு.”

“யாரு மௌத்தானது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

“காலைல ஆறு மணிக்கு இருபது வண்டி நிக்கிது. எல்லாருக்கும் பழைய விலைக்கு வேணுமாம், பத்து பத்து டின்னா. குடுத்தா மத்தியானத்துக்குள்ள குடோன் காலி. எடுத்துட்டுப் போறவன் பழைய விலைக்கா விப்பான்? உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஒவ்வொண்ணா விப்பான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? ஏத்திட்டேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “நேத்து உங்ககிட்ட அஞ்சாறு வாரம்னு சொன்னேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ‘வெட்டிட்டாங்க’ என்று நான் சொன்னது முழு உண்மையில்லை. முந்தைய நாள் மாலை ஏழே முக்கால் மணிக்கு நான் கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும். பக்கம் தயாரிக்கும் டெஸ்க்கிலிருந்து போன். அஞ்சலி விளம்பரத்துக்கு நாலு சென்டிமீட்டர் வேண்டும், கடைசிப் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ‘எடுத்துக்குங்க’ என்றேன். ஒரே சொல். கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருந்தேன் என்று யோசிக்கவே இல்லை. கடைசிப் பத்தி என்றால் வெட்டலாம் என்பது கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. முதல் பத்தியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று பேசியிருப்பேன்.

அழுத்தமான நேரத்தில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்த நேரம் அழுத்தமான நேரம் மாதிரியே இருக்காது. பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பீர்கள். பசிக்கும். யாரோ சாதாரணமாக ஒன்று கேட்பார்கள்.

மதியம் டெஸ்க்குக்கு நேரில் போனேன். திருத்தம் வேண்டும் என்றேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர், என்னிடம் மரியாதை உள்ளவர். அன்றைய பேப்பரை மேசையில் விரித்து என் செய்தியை இரண்டு முறை படித்தார்.

“எதைத் திருத்தறது சார்? விலை ஏறும்னு போட்டோம். ஏறிடுச்சு. காலைலேர்ந்து நாலு ஊர்லேர்ந்து போன், ஏறிடுச்சு ஏறிடுச்சுன்னு. தப்பா வந்த செய்திக்குத் திருத்தம் போடலாம். சரியா வந்ததுக்குப் போட்டா நம்மளப் பைத்தியக்காரன்னுவான்.”

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். விபத்துகளைப் பார்த்திருக்கிறேன், பிணவறை வாசலில் நின்றிருக்கிறேன். இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. அவர் சொன்னது சரி. பாதியை வெட்டிய செய்தி பன்னிரண்டு மணி நேரத்தில் தன்னைத் தானே முழு உண்மையாக்கிக்கொண்டிருந்தது. வெட்டப்பட்ட பத்திதான் இப்போது பொய். ‘விலை ஏறக் காரணம் இல்லை’ என்று இனி யார் எழுத முடியும்? ஏறிவிட்டதே.

அப்போதும் விடாமல் இன்னொரு செய்தி எழுதினேன். இம்முறை முதல் வரியிலேயே வைத்தேன்: கடைகளில் இப்போது இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. அமீன் பாய் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஏழாம் பக்கத்தில், அடியில், முழுதாக வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டுபோய் எஸ்தரிடம் கொடுத்தேன். அவர் அதையும் முதல் துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். மாணவிகள் இரண்டையும் படித்தார்கள்.

“அக்கா, இந்தப் பக்கம் ஏறும்ங்குது, அந்தப் பக்கம் ஏறக்கூடாதுங்குது. எந்தப் பக்கத்துக்கு ரெண்டு ரூபா?” என்றாள் கண்ணாடிக்காரி.

அன்று மாலையே எஸ்தர் அட்டையை எடுத்துவிட்டார். இரண்டு ரூபாய் கேட்பதையும் நிறுத்திவிட்டார். நான் ஏன் என்று கேட்டதற்கு, “மொதல்ல வாங்கின காசுக்கு முப்பது நாளு போடறேன்னு சொல்லிட்டேன்லண்ணா. பாதிப் பேரு தராங்க, பாதிப் பேரு தரல. தர்ற பொண்ணு தராத பொண்ணப் பாக்கறா. வேணாம், வுடுங்க” என்றார்.

டோக்கன் ஒன்றுக்கு அவருக்கு மூன்று ரூபாய்தான் மிஞ்சிக்கொண்டிருந்தது. எண்ணெயும் பருப்பும் அதைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டன. டோக்கன் பணத்தைத் திருப்பித் தரவும் வழியில்லை, அது அடுப்பாகவும் வாடகையாகவும் மாறியிருந்தது. பூரியை நிறுத்திவிட்டு இட்லி மட்டும் போடுங்களேன் என்று நான் யோசனை சொன்னேன். “பூரின்னு சொல்லித்தானேண்ணா வித்தேன்” என்றார். மாதத்தின் இருபதாம் தேதி போனபோது கடையின் மூலையில் ஃப்ரிட்ஜைக் காணோம். அது நின்ற இடத்தில் தரை மட்டும் கட்டமாக வெளுத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கரண்டு பில்லு மிச்சம்” என்று சிரித்தார். பூரியின் அளவு குறையவில்லை. அதை நான் கவனித்துப் பார்த்தேன்.

இனி அந்தக் குறிப்பேடு. பல மாதம் கழித்து ரூபாய் தேறியது. டாலர் இறங்கியதைப் பற்றியும் செய்தி எழுதினேன். எண்ணெய் விலை குறையும் என்று தலைப்பு, என் பெயர், எந்தப் பத்தியும் வெட்டுப்படவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே மளிகைக் கடை வாசலில் நின்றேன். விலை அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனேன். அப்படியே இருந்தது. கேட்டேன்.

“கடைல இருக்கறது ஜாஸ்தி விலைக்கு வாங்கின சரக்கு சார். அது தீரட்டும்.”

நான் குறிப்பேட்டைத் திறந்து, முன்பு அவர் சொன்னதைப் படித்துக் காட்டினேன். ஏறும்போது அடுத்த டின்னின் விலை, இறங்கும்போது போன டின்னின் விலையா என்று கேட்டேன். அவர் அதை யோசித்துப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார். “ஆமா சார்” என்றார். “எல்லாக் கடைலயும் அப்படித்தான்.” பிறகு பருப்பு கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

டாலர் பற்றி எழுதும்போது இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள், தேவைப்பட்டால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி: எப்போது? எவ்வளவு ஏறும் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். எப்போது என்பதற்குக் கிடைக்கும் பதிலை முதல் பத்தியில் வையுங்கள். அது மந்தமாக இருக்கும், தலைப்புக்கு உதவாது, டெஸ்க்கில் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் வையுங்கள். ஆலப்பாக்கம் தாண்டும்போது போன் வந்தால் இறங்கிவிடுங்கள். அடுத்த பஸ் இருபது நிமிடத்தில் வரும்.

நான் பஸ்ஸில் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி எஸ்தரிடம் சொன்னேன். விலை ஏறிய அந்த மாதத்திலேயே, இருபத்தாறாம் தேதியோ இருபத்தேழோ. அவர் எண்ணெயில் பூரியைத் திருப்பிக்கொண்டே கேட்டார். “நீங்களா ஏத்தினீங்க, போங்கண்ணா” என்றார். அந்தப் பூரியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, “அந்த மீசைக்காரரு யாருன்னு கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை.

முப்பதாம் தேதி காலை 9.40-க்குக் கடைசி டோக்கனைக் கொடுத்தவள் கண்ணாடிக்காரிதான். தட்டில் வழக்கம்போல மூன்று பூரி இருந்தன. மறுநாள் முதல் தேதி, எஸ்தர் புது டோக்கன் விற்கவில்லை. கடையும் திறக்கவில்லை. அவர் பழைய விடுதிச் சமையலறைக்கே வேலைக்குத் திரும்பினார்.

டாலர் ஏறிய பிறகு வாங்கிய எண்ணெயின் முதல் லாரி முதுநகருக்கு வந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.